ஆறு பேருக்கு எடுத்த படகு

பிப்ரவரி 6, செவ்வாய்

பல் கட்டும் லேபிலிருந்து வரும்போதே வாசலில் ஜட்ஜம்மாவின் செருப்பு. சுவரோடு ஒட்டி, இரண்டும் ஒரே நேர்கோட்டில். நாமெல்லாம் செருப்பைக் கழற்றிப் போடுவோம். அவர் நிறுத்தி வைப்பார்.

விருப்ப ஓய்வு வாங்கிக் கொஞ்ச காலம்தான் ஆகிறது. ரயில்வே கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து, எந்த ரயில் நிற்கணும், எது முந்திப் போகணும் என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர். வீட்டுக்கு வந்தாலும் அதே தீர்ப்புதான். என் கல்யாணமான வருஷமே வீட்டுக்காரர் தன் அக்காவுக்கு இந்தப் பெயரை வைத்தார், நான் விழுந்து விழுந்து சிரித்தேன், அதோடு ஒட்டிக்கொண்டது. முகத்துக்கு நேரே 'அண்ணி'. முதுகுக்குப் பின்னால் 'ஜட்ஜம்மா'.

உள்ளே போனால் சாப்பாட்டு மேஜை முழுக்க ஒரு கடல் வரைபடம். பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் என் டம்ளர்கள்.

"ஏப்ரல்ல நாம எல்லாரும் படகுல போறோம்" என்றார்.

"எந்தப் படகுல அண்ணி?"

"நமக்குன்னே ஒரு படகு. பாய்மரம் கட்டினது. கேப்டன் வருவாங்க, சமைக்க ஆள் வரும். பழைய தீவுகளை எல்லாம் சுத்திப் பாக்குறோம். எனக்கு அறுபது ஆகுது. செலவு என்னுது. யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

யாரும் திறக்கவில்லை. என் வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது. தலையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினாலே எனக்கு மூச்சு முட்டும்.

பிப்ரவரி 7, புதன்

"நடுக்கடல்ல எவ்வளவு ஆழம் இருக்கும்?" என்று இவரிடம் கேட்டேன். "கழுத்துக்கு மேல எவ்வளவு இருந்தா என்ன?" என்றார். கட்டிக்கொண்டவர் வாயிலிருந்து வரும் ஆறுதல்!

பிப்ரவரி 11, ஞாயிறு

குடும்ப மாநாடு. கொழுந்தனும் ஓரகத்தியும் வந்திருந்தார்கள். மகள் ஹாஸ்டலிலிருந்து போனில். எல்லாரும் சேர்ந்து ஆறு பேர், படகில் மூன்று அறை. கணக்காக இருக்கிறது.

படகு ஏஜென்ட்டை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். ஜட்ஜம்மா தயாராக வைத்திருந்ததைப் படித்தார். முதல் நாள் காலை எட்டு மணிக்குக் கோட்டைத் தீவு, பத்தரைக்குக் கிளம்பி கலங்கரை விளக்கத் தீவு, ஒன்றே காலுக்குச் சாப்பாடு.

அந்த ஆள் பணிவாக, "காத்து எப்படி அடிக்குதோ அப்படித்தான் மேடம் போக முடியும்" என்றார்.

"ஏன், உங்க ஊர்க் காத்துக்கு டைம் டேபிள் கிடையாதா?"

கொழுந்தனுக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது. ஜட்ஜம்மா திரும்பிப் பார்த்தார். அவன் வாயை மூடிக்கொண்டு, தன் சட்டை நுனியாலேயே வரைபடத்துக் கடலைத் துடைத்தான்.

பிப்ரவரி 15, வியாழன்

தீவுகளைப் பற்றிப் படித்துச் சொல்லும் வேலை என் தலையில். "உனக்குத்தான் பொறுமை இருக்கு. இவனுங்க ரெண்டு பேரும் படத்தைப் பாத்துட்டு மூடி வெச்சிருவானுங்க" என்றார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இன்றுவரை அவர் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு. இதில் ஏதாவது உள்குத்து இருக்குமோ?

வேண்டா வெறுப்பாகத்தான் ஆரம்பித்தேன். லேபில் பல் அச்சில் ஊற்றிய மாவு இறுகும்வரை சும்மாதானே இருப்பேன், அப்போது போனில் படிக்கிறேன். நேற்று ஒரு பாட்டுக்காரரின் முன்பல் செட்டை மறந்துவிட்டு, நாடு கடத்தப்பட்ட ஒரு ராணியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அவரை ஒரு தீவில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அழுது சாவார் என்று நினைத்திருப்பார்கள் போல. அந்த அம்மா தோட்டம் போட்டு, படித்துறை கட்டி, எண்பது வயதுவரை இருந்திருக்கிறார். மன்னிப்புக் கொடுத்துக் கூட்டிப்போக வந்த கப்பலைத் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

கோட்டைத் தீவில் பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்க்காமல் கரையைப் பார்த்து நிற்குமாம். எதிரியைவிடச் சொந்த ஊர்க்காரன் மேல்தான் பயம்! கூட்டுக் குடும்பத்தில் இருந்தவர்கள் கட்டிய கோட்டையாக இருக்கும்.

பிப்ரவரி 24, சனி

இப்போது சிரிப்பாக வருகிறது. மத்தியானம் பயத்தில் செத்தேன்.

போன வாரம் ஏஜென்ட் ஏதோ கேட்டதற்கு, வாய் தவறி, "ஜட்ஜம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லித் தொலைத்திருக்கிறேன். இன்று லேபுக்கே வந்துவிட்டார் அண்ணி. நான் மெழுகில் ஒரு கடைவாய்ப்பல் செதுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாரு ஜட்ஜு?"

பல் கையிலிருந்து உருண்டு கீழே போனது.

"அந்த ஏஜென்ட் போன் பண்ணினான். 'ஜட்ஜ் மேடம், முன் பக்க அறை உங்களுக்குத்தான்'னான். சரின்னேன். அப்புறம், அண்ணனுக்கும் தனக்கும் நிலத் தகராறு, கேஸ் வருஷக் கணக்கா இழுக்குது, நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லணும்னான். எனக்கு ஒண்ணும் புரியலை."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். இவர்தான் வைத்தார் என்பதையும் சேர்த்து. தனியாக எதற்குத் தூக்கில் தொங்கணும்?

"கல்யாணத்துலேருந்தேவா?"

"ஆமா அண்ணி."

அண்ணி குனிந்தார். கீழே கிடந்த மெழுகுப் பல்லை எடுத்துத் தூசி ஊதி என் மேஜையில் வைத்தார். எழுந்து கதவுவரை போய்த் திரும்பினார்.

"அவன் கேஸை முடிச்சு வெச்சுட்டேன். அண்ணன் தம்பி உக்காந்து பேசித் தீத்துக்கோங்கன்னு சொல்லிட்டேன்."

உதட்டோரம் துடித்ததே, அது சிரிப்பா? சிரிப்புதான். சத்தியமாகச் சிரிப்புதான்.

மார்ச் 2, சனி

தீர்ப்பு: மிதக்கவாவது தெரியாமல் நான் படகில் ஏறக் கூடாது.

நகராட்சி நீச்சல் குளம், பெண்களுக்கான நேரம். குளோரின் வாடை. கை மூட்டுவரை மூடிய அந்த உடையில் நான் உறையில் போட்ட தலையணை மாதிரி இருந்தேன். படியில் கணுக்கால் நனைய நின்று, எப்படித் தப்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, ஆழமான பக்கத்தில் ஒரு சத்தம். சத்தம்கூட இல்லை. காகிதத்தைக் கத்தரிக்கோல் வெட்டினால் வருமே, அப்படி.

அண்ணிதான். தண்ணீருக்குள்ளேயே பாதிக் குளம் தாண்டி எழுந்தார். காவலுக்கு இருக்கும் பெண் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றே பார்த்தாள். சுவரைத் தொட்டு, புரண்டு, ஒரு சுற்று போய்த் திரும்பி வந்து என் காலடியில் தலை தூக்கிச் சிரித்தார்.

மற்றவர்களுக்குக் கண்ணோ மூக்கோ முதலில் தெரியும், எனக்குப் பல். ஆனால் இத்தனை வருஷத்தில் அவருடைய முன்பல் நான்கைத் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். மேல் வரிசையில் இடது பக்கம் ஒன்று இல்லை. வாயை அவ்வளவு திறந்து சிரித்தார்.

"எப்ப அண்ணி கத்துக்கிட்டீங்க?"

"பள்ளிக்கூடத்துல. போட்டிக்கெல்லாம் போயிருக்கேன். அப்பா போனப்புறம் வேலை கெடைச்சுது. இவனுங்க சின்னப் பசங்க. அதோட சரி." அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "படு. தலையை என் கையில விடு."

"விட்டுட்டேன்."

"விடலை. கழுத்துல பிடிச்சு வெச்சிருக்கே. எனக்குத் தெரியுது."

விட முடியவில்லை. ஒரு வாய்த் தண்ணீர் குடித்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் போவேன்.

மார்ச் 9, சனி

இரண்டு வாய்.

மார்ச் 16, சனி

மிதந்தேன்!

காதுக்குள் தண்ணீர் புகுந்து உலகமே அமைதியாகிவிட்டது. மேலே கூரைத் தகரமும், அதில் ஆடும் வெளிச்சமும். அண்ணி ஏதோ சொல்கிறார், உதடு மட்டும் அசைகிறது. என்ன என்று தலை தூக்கிக் கேட்டால், "எப்பவோ கையை எடுத்துட்டேன்னு சொன்னேன்" என்கிறார். கேட்ட உடனே மூழ்கினேன். அது வேறு கதை.

வெளியே வந்து, தலை ஈரத்தோடு நின்றுகொண்டே இரண்டு பேரும் வேர்க்கடலை சாப்பிட்டோம். அவர் ராணியைப் பற்றி விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் கப்பலைத் திருப்பி அனுப்பியது கோபத்திலா, அந்த இடம் பிடித்துப் போனதாலா? நான் பிடித்துப் போனதால் என்றேன். அவர் கோபம் என்றார். நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்வதென்று ஏற்பாடு.

மார்ச் 17, ஞாயிறு

ஓரகத்தி முழுகாமல் இருக்கிறாள்! எத்தனை வருஷத்து எதிர்பார்ப்பு. கொழுந்தன் போனில் பேச்சு வராமல் அழுகிறான். நாங்கள் எல்லாரும் ஓடினோம். அண்ணிதான் முதலில் போய் அவளைக் கட்டிக்கொண்டார்.

படகு, அலை, எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவளை விட்டு அவனும் வரமாட்டான். எப்படி வருவான்? "போங்கடா, தீவு எங்க ஓடிடப் போகுது" என்றார் அண்ணி. முகத்தில் சந்தோஷம் மட்டும்தான். அது உண்மையான சந்தோஷமும்கூட.

ஆறில் இரண்டு போனால் நான்கு.

மார்ச் 21, வியாழன்

மகளுக்குப் பரீட்சை தள்ளிப்போய், சரியாக அந்த வாரத்தில் வந்து நிற்கிறது. அவள் அழுததில் எனக்கும் அழுகை. அண்ணியிடம் அவளே போன் பண்ணிப் பேசினாள். "படிப்புதான் முக்கியம் கண்ணு" என்றாராம்.

மார்ச் 22, வெள்ளி

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். இவருடைய அச்சகத்தில் இன்றைக்கே போஸ்டர் ஆர்டர் கொட்டுகிறது. இவர் சட்டையெல்லாம் மையோடு வந்து, மேஜையில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்: "அக்காகிட்ட நீயே சொல்லிடேன்."

என்ன மனுஷன் இவர்! வேலை வந்தா வேலை, நான் தப்பே சொல்லலை. மிஷினை நிறுத்திட்டு வாங்கன்னு யாரு கேட்டா? ஆனா சொல்றதுக்கு நானா? உங்களை வளத்துப் படிக்க வெச்ச அக்கா. ஒருத்தரும் அவங்களை எங்கேயும் கூட்டிட்டுப் போனதில்ல. இப்ப அவங்களே செலவு பண்ணிக் கூட்டிட்டுப் போறேன்னாலும் வர ஆளில்லை. அதையும் நான் போய்ச் சொல்லணும். "உங்க வாயால சொல்லுங்க"ன்னேன். இல்லை, கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது.

சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. "பரவால்லடா, கேன்சல் பண்ணிடலாம்னு சொல்லிடுச்சு" என்றார்.

எனக்கு இது நிம்மதியாக அல்லவா இருக்கணும்? பிப்ரவரியில் நான் வேண்டிக்கொண்டது இதைத்தானே.

மார்ச் 23, சனி

குளத்துக்கு அண்ணி வரவில்லை. நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

இரண்டாவது மாடி, ஒற்றைப் படுக்கையறை வீடு. கதவு திறந்திருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து, புதிதாக வாங்கிய வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுக்குள் தாளைத் திணித்து மறுபடியும் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். வழுக்காத ரப்பர் அடி. படகில் நடப்பதற்கு என்றே தேடி வாங்கியிருக்கிறார்.

"கடையில திருப்பி எடுத்துக்குவானான்னு பாக்கணும்" என்றார்.

நான் யோசித்துப் பேசவில்லை. யோசித்திருந்தால் பேசியிருக்க மாட்டேன்.

"எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்? நாம போறோம்."

"யாரு நாம?"

"நீங்களும் நானும்."

"நீயா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்குக் கடலைப் பாத்தாலே ஆகாது."

"இப்பவும் ஆகாது. அதுக்காக? அந்த ராணி கோபத்துல திருப்பி அனுப்பினாளா, பிடிச்சுப் போய் அனுப்பினாளான்னு யாரு பாக்கிறது?"

"ஆறு பேர் படகு அது."

"கால் நீட்டிப் படுத்துக்கலாம்."

"நீ எனக்காகப் பாவம் பாத்து வர்றேன்னா வேண்டாம்மா."

அந்த 'ம்மா' எங்கோ குத்தியது. அப்போது பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. "பாவமெல்லாம் பாக்கலை அண்ணி. சனிக்கிழமை சனிக்கிழமை தண்ணி குடிச்சது யாரு? ஒரு மாசமா அந்தத் தீவையெல்லாம் படிச்சுப் படிச்சு எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு. நீங்க வரலைன்னா நான் தனியாப் போவேன்!"

பொய். தனியாகப் பேருந்தில் வெளியூர்கூடப் போனதில்லை.

அண்ணி பெட்டியைத் திறந்தார். ஷூவுக்குள்ளிருந்த தாளை உருவி எடுத்தார்.

மார்ச் 25, திங்கள்

ஏஜென்ட் கேட்டாராம், இரண்டு பேருக்கு அவ்வளவு பெரிய படகு எதற்கு என்று. அண்ணி, "அது எங்க இஷ்டம்" என்றிருக்கிறார். ஜட்ஜ் இல்லை என்று அண்ணியே சொன்ன பிறகும் முன் அறை எங்களுக்குத்தானாம். அண்ணன் தம்பி பேச ஆரம்பித்துவிட்டார்களாம்.

ஏப்ரல் 12, வெள்ளி

லேப் முதலாளி லீவுக்குத் தலையாட்டிவிட்டார். கூடவே, "நீங்க போய்ட்டா அந்தப் பாட்டுக்காரருக்கு யாரு பல்லு கட்டுறது?" என்று ஒரு பெருமூச்சு. பாட்டுக்காரரின் பல் நேற்றே தயார். வாயில் மாட்டிக் கண்ணாடி பார்த்து, அங்கேயே ஒரு ஆலாபனை இழுத்தார். ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள்.

இவர் எனக்கு ஒரு தொப்பி வாங்கி வந்திருக்கிறார். சமாதான உடன்படிக்கை. நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 20, சனி

படகில் எழுதுகிறேன். எழுத்து கோணினால் கடல்தான் காரணம்.

கேப்டன் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். முன்பல் லேசாக ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், சிரித்தால் அழகு. சமையல்காரர் பேசவே மாட்டார், பாடிக்கொண்டே வெங்காயம் நறுக்குவார். நங்கூரத்தை எடுத்துப் பாயை ஏற்றியதும் இன்ஜினை நிறுத்தினாள் கேப்டன். அந்த நொடி... என்ன சொல்வது? சத்தமெல்லாம் போய்விட்டது, ஆனால் படகு போகிறது. தள்ள ஆளில்லை, இழுக்க ஆளில்லை. நான் கம்பியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துவிட்டது. அரை மணி கழித்து ஒரு கையை எடுத்தேன்.

மதியம் சாப்பிட்டதெல்லாம் கடலுக்குப் போய்விட்டது. அண்ணி முதுகைத் தடவிக்கொண்டே, "மீனுக்கும் பசிக்கும்ல" என்றார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

அண்ணிக்கு இன்று அறுபது. கேப்டன் ஹாரனை நீளமாக ஊதினாள். தூரத்தில் எந்தப் படகோ, யாரென்றே தெரியாது, அதுவும் பதிலுக்கு ஊதியது.

ஏப்ரல் 22, திங்கள்

காற்று திரும்பியதால் கோட்டைத் தீவு இல்லை. பழைய காலத்தில் நோய்க்குப் பயந்து கப்பல்களை நிறுத்தி வைத்த தீவுக்கு வந்தோம். நீள நீளமாகக் கல் அறைகள். உள்ளே காத்துக்கிடந்தவர்கள் ஆணியால் சுவரெல்லாம் கீறி வைத்திருக்கிறார்கள். கப்பல் படம்தான் அதிகம். ஒருவன் மட்டும் ஒரு தட்டு நிறையச் சாப்பாடு வரைந்திருக்கிறான். பக்கத்தில் இன்னொரு தட்டு. இரண்டாவது தட்டு காலி. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்து முடித்து அண்ணி அந்தச் சுவர் முன்னாலேயே நின்றார்.

"இவங்களையெல்லாம் யாரோ ஒருத்தர் 'நில்லு'ன்னு சொல்லி நிறுத்தியிருக்காங்க. நான் பாத்த வேலையும் அதுதான். ஒரு வண்டியை நிறுத்தினா உள்ள எத்தனை பேர் உக்காந்திருப்பாங்க, எங்க போறவங்கன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. எனக்கு அது போர்டுல ஒரு சிவப்பு விளக்கு."

"நீங்க நிறுத்தினதாலதானே அண்ணி மோதாமப் போச்சு?"

கொஞ்சம் யோசித்தார். "அதுவும் உண்மைதான்" என்று ஷூ மண்ணைத் தட்டிவிட்டுக் கிளம்பினார். பசி என்றார். அந்தத் தட்டைப் பார்த்ததன் விளைவு.

ஏப்ரல் 23, செவ்வாய்

கடலில் இறங்கினேன். நான்!

கலங்கரை விளக்கத் தீவுக்குப் பின்னால், கண்ணாடி மாதிரி ஒரு வளைகுடா. அண்ணி படகின் விளிம்பில் ஏறி நின்று, கையைக் கூப்பி, பாய்ந்துவிட்டார். அதே கத்தரிக்கோல் சத்தம். கேப்டன், "ஆன்ட்டி!" என்று கத்தியதில் சமையல்காரர் பாட்டு நின்றது. வெகு தூரத்தில் தலை எழுந்தது. "தண்ணி வெதுவெதுன்னு இருக்கு! ஏணியில இறங்கு!"

லைஃப் ஜாக்கெட்டோடு இறங்கினேன். அடியில் மணலில் என் நிழலே படுத்திருந்தது. அவ்வளவு கீழே. பயந்தேன். பிறகு மல்லாந்து படுத்தேன். குளத்தில் தகரக் கூரை. இங்கே வானம் முழுசாக. உப்புத் தண்ணீர் தானாகவே தூக்குகிறது, நாம் செய்ய ஒன்றுமில்லை. நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு கிடந்தேனாம். கேப்டன் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். என் கடைவாய்ப்பல்வரை தெரிகிறது.

இவருக்கு அனுப்பினேன். "இது யாரு?" என்று பதில் வந்தது.

ஏப்ரல் 25, வியாழன்

ராணியின் தீவு. படித்துறை இன்னும் இருக்கிறது. கீழ்ப் படிகள் தண்ணீருக்குள். தோட்டத்தில் கிளைகளைத் தரையில் ஊன்றி நிற்கும் கிழட்டு மரங்கள், காற்றில் ஏதோ பூவின் வாசனை. மேலே ஏறிப் பார்த்தால் நான்கு பக்கமும் கடல். அண்ணி சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில், "நீ சொன்னதுதான் சரி. கோபக்காரி இவ்வளவு மரம் வெச்சிருக்க மாட்டா" என்றார். நான் பதிலுக்கு, படித்துறை அகலத்தைப் பார்த்தால் கொஞ்சம் கோபமும் இருந்திருக்கும் என்றேன். இவ்வளவு அகலமாகக் கட்டிவிட்டு, வந்த கப்பலில் ஏறவில்லையே.

சாயங்காலம் படகின் பின்பக்கம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். கேப்டன் வந்து, நாளைக்கு எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டாள். நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் தட்டில் தர்பூசணியை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி, "அவளைக் கேளு" என்றார். கோட்டையைப் பார்க்கலாம் என்றேன். கேப்டன் தலையாட்டிப் போனாள்.

அலை படகின் அடியில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. அண்ணி ஒரு விதையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"நீ மட்டும் வந்தாப் போதும்னு முதல்லயே தெரிஞ்சிருந்தா, சின்னப் படகா எடுத்திருப்பேன்."

கை நீட்டினேன். அவர் தட்டிலிருந்த கடைசித் துண்டை எடுத்துச் சாப்பிட்டேன். கேட்காமலே.